கடவுகளிலிருந்து தொடங்குதல்: நெல்லைத் தெருக்களில் மிதிவண்டிப் பாதைகளைத் திட்டமிடும் முறை

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் வாசலிலிருந்து பாளையங்கோட்டைப் பேருந்து நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற நிதானமான வேகத்தில் மிதித்தாலும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மேலப்பாளையம், தச்சநல்லூர், பேட்டை, பெருமாள்புரம் என்று எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் உள்ள தொலைவு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் சேருவோருக்கு அரசே விலையில்லா மிதிவண்டி வழங்குவதால் வண்டிக்கும் பஞ்சமில்லை. அந்த வண்டியை அச்சமின்றி ஓட்டிச் செல்லத் தொடர்ச்சியான பாதைதான் இல்லை.

புதிதாக நிலம் எடுக்காமல், இருக்கின்ற தெருக்களுக்குள்ளேயே அப்படியொரு வலைப்பின்னலை வகுப்பது எப்படி என்பதை இவ்வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. மாநகராட்சிப் பொறியாளர், மாமன்ற உறுப்பினர், குடியிருப்போர் நலச் சங்கத்தார், கட்டடவியல் மாணவர் என எவரும் இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். அகலமான சாலைகளை முதலில் தேர்ந்தெடுத்து, அவற்றின் ஓரத்தில் கோடு போடுவதுதான் நம்மூர்களில் வழக்கம். நெல்லைக்கு அந்த வரிசை ஒத்துவராது, கடவுகளிலிருந்து, அதாவது ஆறு, ரயில் தடம், கால்வாய் போன்றவற்றைக் கடக்கும் இடங்களிலிருந்து, தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் முதல் படியிலேயே தெரிந்துவிடும்.

முதல் படி: கடவுகளைக் குறித்தல்

மாநகரின் வரைபடத்தை விரித்து, சாலைகளைச் சற்று மறந்துவிட்டு, குறுக்கே நிற்பவற்றை மட்டும் தடித்த கோட்டால் வரைய வேண்டும். நடுவே தாமிரபரணி ஓடுகிறது. ஜங்ஷனிலிருந்து மதுரைக்கும் தென்காசிக்கும் திருச்செந்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் ரயில் தடங்கள் பிரிகின்றன. நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஆகியவை குடியிருப்புகளை ஊடறுத்துச் செல்கின்றன. வெளிவட்டத்தில் நான்குவழிச் சாலை இருக்கிறது. இவற்றை வரைந்து முடித்தபின், இவற்றைக் கடக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும், அது பெரிய பாலமானாலும் கால்வாயின் மீது போட்ட கற்பலகையானாலும், ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். ஊர் ஒரே பரப்பாக இல்லை, சில புள்ளிகளால் தைக்கப்பட்ட துண்டுகளாக இருக்கிறது என்பது அப்போது புலப்படும்.

இந்த உண்மையை நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள். 1843இல் சுலோச்சன முதலியார் தம் சொந்தச் செலவில் ஆற்றின் குறுக்கே கட்டிய பாலம்தான் நெல்லையையும் பாளையையும் இன்றைக்கும் ஒன்றாக வைத்திருக்கிறது. 1973இல் ஜங்ஷன் ரயில் தடத்தின் மேல் எழுந்த ஈரடுக்கு மேம்பாலம், கனமான வண்டிகளுக்கு மேல்தளம், சிறிய வண்டிகளுக்குக் கீழ்த்தளம் என்று பிரித்துக் கொடுத்தது. மெதுவாகச் செல்வதையும் வேகமாகச் செல்வதையும் ஒரே தளத்தில் மோதவிடக் கூடாது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கான்கிரீட்டில் எழுதிவைத்த ஊர் இது. வெளியூர்ப் பொறியாளர்கள் வந்து பாடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு கடவிலும் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓரச்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை உள்ள அகலம், ஏற்றத்தின் நீளமும் சரிவும், இரு முனைகளிலும் உள்ள சந்திப்பின் தன்மை, ரயில் கேட்டாக இருந்தால் ஒரு நாளில் எத்தனை முறை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பது. குலவணிகர்புரம் கேட்டில் ஒரு முறையேனும் காத்து நின்றவர்களுக்குக் கடைசிச் செய்தியின் எடை தெரியும்.

இரண்டாம் படி: ஓட்டுபவர்களையும் ஓட்டாதவர்களையும் எண்ணுதல்

குறித்த கடவுகள் ஒவ்வொன்றிலும் ஆள் நிறுத்திப் பதினைந்து நிமிடக் கூறுகளாக எண்ண வேண்டும். காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் எண்ணுவது எல்லாரும் செய்வதுதான். விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை எண்ணுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பால் கேன் கட்டியவர்கள், நாளிதழ் போடுபவர்கள், மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்பவர்கள், துப்புரவுப் பணிக்குப் புறப்படுபவர்கள் எல்லாரும் அந்த இருட்டில்தான் சாலையில் இருக்கிறார்கள். எண்ணும் தாளில் பெண், ஆண், பள்ளிச் சீருடை, சுமை ஏற்றியவர், மூன்று சக்கர மிதிவண்டி என்ற பகுப்புகள் இருக்கட்டும். மேலப்பாளையம் பக்கம் எண்ணுபவர்கள் ஆட்டுச்சந்தை கூடும் செவ்வாய்க்கிழமையையும் தொழுகைக்குக் கூட்டம் சேரும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாலையில் இருப்பவர்களை எண்ணினால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும். மீதிப் பாதி பள்ளியில் இருக்கிறது. பள்ளிகள் நிறைந்த பாளையங்கோட்டையில் தலைமையாசிரியர்களின் அனுமதியோடு மேல்நிலை வகுப்புகளில் மூன்றே கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: வீட்டில் மிதிவண்டி இருக்கிறதா, அதில் பள்ளிக்கு வருகிறாயா, வராவிட்டால் வழியில் எந்த இடம் தடுக்கிறது. மூன்றாம் கேள்விக்கு வரும் விடைகளை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்தால், அவை முதல் படியில் குறித்த கடவுகளின் மேலேயே போய்க் குவிவதைக் காண்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். குவியாவிட்டால் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

மூன்றாம் படி: தெருக்களை அச்சத்தின் அளவால் தரம் பிரித்தல்

2012இல் அமெரிக்காவின் மினெட்டா போக்குவரத்து ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் மெக்குரியா, ஃபர்த், நிக்சன் ஆகிய மூவரும் தெருக்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். சிறுவர்களும் ஓட்டக்கூடியது முதல் நிலை. பெரும்பாலான வளர்ந்தவர்கள் தாங்கிக்கொள்வது இரண்டாம் நிலை. பழகியவர்கள் மட்டும் துணிவது மூன்றாவது. எதற்கும் அஞ்சாதவர்களுக்கு மட்டுமானது நான்காவது. வாகன வேகம், தடங்களின் எண்ணிக்கை, சாலையோர நிறுத்தம் முதலியவற்றைக் கொண்டு இந்நிலைகள் முடிவாகின்றன. ஒரு பயணத்தின் தரம் அதன் மிக மோசமான துண்டின் தரமே என்பது இம்முறையின் உயிர்நாடி. நான்கு கிலோமீட்டர் அமைதியான தெருக்களுக்கு நடுவே நூறு மீட்டர் பாலம் நான்காம் நிலையில் இருந்தால், முழுப் பயணமும் நான்காம் நிலைதான்; அந்த மாணவியின் வண்டி வீட்டிலேயே நின்றுவிடும். நான் கடவுகளிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கணினி இல்லாமலே இதைச் செய்துவிடலாம். இரண்டு பேர் மிதிவண்டியிலேயே தெருத்தெருவாகச் சென்று, பதினாறு வயதுப் பெண் புத்தகப் பையோடு தனியே இத்தெருவில் வருவாளா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணமிட்டால் போதும். காரில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. முடுக்குகளை விட்டுவிடவும் கூடாது. டவுனிலும் பாளையிலும் இருவர் கைகோத்து நடக்கும் அகலமே உள்ள முடுக்குகள் பல, பெருஞ்சாலையின் சந்திப்பு ஒன்றைத் தவிர்த்துவிட்டு அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும். வரைபடச் செயலிகளில் இவற்றில் பல கிடையாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

நான்காம் படி: கோடுகளை இணைத்தல்

இப்போது பச்சை, மஞ்சள் தெருக்கள் தீவுகளாகத் தெரியும். அவற்றை இணைக்கும் குறைந்த எண்ணிக்கையிலான துண்டுகள் எவை என்று பாருங்கள். முதன்மைப் பாதைகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 500 மீட்டர் இடைவெளியில் அமைந்தால், எந்த வீட்டிலிருந்தும் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பாதையைத் தொட்டுவிடலாம். நேர்வழியை விட மிகவும் சுற்றிச் செல்லும் பாதையை மக்கள் பயன்படுத்த மாட்டார்கள். காகம் பறக்கும் தொலைவை விடக் கால் பங்குக்கு மேல் கூடினால் அக்கோட்டை மறுபடியும் யோசிக்க வேண்டும்.

கால்வாய்க் கரைகளை இங்கே தனியே சொல்ல வேண்டும். பாசனக் கால்வாய் நிலத்தின் சம உயரக் கோட்டை ஒட்டியே வெட்டப்படுவது. ஆகவே அதன் கரையில் ஏற்றம் என்பதே அநேகமாகக் கிடையாது. மேலப்பாளையம் வழியாகப் பாளைக்கு வரும் பாளையங்கால்வாயும், பேட்டை வழியாக டவுனுக்குள் நுழையும் நெல்லைக் கால்வாயும், மிதிவண்டிக்கென்றே யாரோ மட்டம் பார்த்து வைத்ததைப் போன்ற வழிகள். ஆனால் கரையை அகலப்படுத்துவதற்காகக் கால்வாயைச் சுருக்குவதோ, மேலே பலகை போட்டு மூடுவதோ கூடாது; மழைநீர் வடிவதும் வயலுக்குப் பாய்வதும் அதன் முதல் வேலை. இரவில் ஆளரவமற்ற கரையில் பெண்கள் செல்லத் தயங்குவார்கள் என்பதால், ஒவ்வொரு கரைப்பாதைக்கும் விளக்கும் கடைகளும் உள்ள இணைத் தெரு ஒன்றைச் சேர்த்தே காட்ட வேண்டும். ஆற்றங்கரை நிலைமை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் ஜங்ஷனையும் வண்ணார்பேட்டையையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்ததைப் பார்த்தபின், ஆற்றை ஒட்டிய வழியை மாலை உலாவுக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, பள்ளிக்குப் போகும் ஒரே பாதையாக எவரும் வரையக் கூடாது.

ரத வீதிகளில் செல்லும் பாதைக்கு ஆனித் தேரோட்ட நாள்களுக்கான மாற்றுவழியை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். தேர் திரும்பும் மூலைகளில் நிலையான தடுப்புக்கல் எதையும் நடக் கூடாது. கழற்றி எடுக்கக்கூடியதாகவே எல்லாம் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கலப்பதா, பிரிப்பதா

வாகன வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள்ளும் வண்டிகளின் எண்ணிக்கை குறைவாகவும் இருக்கும் தெருவில் தனிப்பாதை தேவையில்லை. மகாராஜ நகர், தியாகராஜ நகர், பெருமாள்புரம் போன்ற குடியிருப்புகளின் உட்தெருக்களுக்கு இது போதும். வேகத்தைக் குறைக்க அறிவிப்புப் பலகை உதவாது. தெருவின் வாயைக் குறுக்கிச் சந்திப்பைச் சற்று உயர்த்த வேண்டும்; மிதிவண்டியும் நடந்து செல்பவரும் நேரே போகலாம், கார்கள் குறுக்குவழியாகப் புகுந்து செல்ல முடியாது என்றவாறு இடையில் தடுப்பு வைக்க வேண்டும். நம்மூரில் எவர் வேண்டுமானாலும் கல்லையும் தாரையும் குவித்து எழுப்பிவிடும் வேகத்தடைகள் மிதிவண்டிக்காரரின் முதுகைத்தான் முறிக்கின்றன. மேற்பரப்பு மென்மையாக ஏறி இறங்கும் அகலமான மேடையே சரி.

பேருந்தும் லாரியும் ஓடும் சாலைகளில் பிரித்தே ஆக வேண்டும். வெறும் வெள்ளைக் கோடு ஒரு வாரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடமாகிவிடும் என்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒருவழி மிதிவண்டிப் பாதைக்குக் குறைந்தது 2 மீட்டரும், நடைபாதைக்குத் தடையற்ற 1.8 மீட்டரும் வேண்டும். சுவருக்குச் சுவர் 18 மீட்டர் உள்ள சாலையை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் 2 மீட்டர் நடைபாதை, 2 மீட்டர் மிதிவண்டிப் பாதை, அரை மீட்டர் இடைத்தடுப்பு என்றால் 9 மீட்டர் ஆயிற்று. இரண்டு தடங்களுக்கு 6.5 மீட்டர். மீதம் 2.5 மீட்டர் இருக்கிறது. அதில் மரம், பேருந்து நிறுத்தம், தள்ளுவண்டிக் கடை, ஆட்டோ நிலையம் ஆகியவை மாறி மாறி இடம்பெறலாம். காருக்கு நிறுத்துமிடம் எங்கே என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் எழும். அந்த 2.5 மீட்டருக்காக அது மற்றவற்றோடு போட்டியிடட்டும் என்பதே நேர்மையான விடை.

12 மீட்டர் தெருவில் எல்லாம் அடங்காது. 1.8 மீட்டர் நடைபாதை இருபுறமும் 3.6 மீட்டரை எடுத்துக்கொள்ளும், மிதிவண்டிப் பாதைகள் 4 மீட்டர், இடைத்தடுப்புகள் 0.9 மீட்டர், வாகனத்துக்கு 3.5 மீட்டர் மட்டுமே எஞ்சும். ஆகவே அத்தெரு வாகனங்களுக்கு ஒருவழித் தெருவாக வேண்டும், எதிர்த்திசையை இணைத்தெரு ஏற்க வேண்டும். அதற்கு ஊர் உடன்படாவிட்டால், முழுத் தெருவையும் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கிக் கலந்து விடலாம். ஒரு மீட்டரில் ஒப்புக்குப் பாதை போடுவதுதான் இரண்டையும் விட மோசமானது. அடுத்தவரை முந்துவதற்காகப் பேருந்தின் முன் இறங்க வைப்பது அதுதான்.

பாதைக்குள் பைக்குகள் புகுவதைத் தடுப்புக்கம்பங்களால் நிறுத்த முடியாது. மிதிவண்டி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். இடைவெளியைக் குறைத்தால் மாற்றுத்திறனாளியின் மூன்று சக்கர வண்டியும் தண்ணீர்க் கேன் ஏற்றிய வண்டியும் வெளியே நின்றுவிடும். இடைவெளியை 1.5 மீட்டராகவே வைத்துக் காரை மட்டும் தடுத்தால் போதும். பிரதான தடம் தேங்காமல் ஓடினால் பைக்குகள் குறுகிய பாதைக்குள் வர விரும்புவதில்லை. மிச்சத்தைப் போக்குவரத்துக் காவலர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரை வழவழப்பான தாராகவோ கான்கிரீட்டாகவோ இருக்கட்டும், பேவர் கல் வேண்டாம். மழைநீர்க் கம்பிச்சட்டங்களின் துளைகள் சக்கரம் செல்லும் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும். நெடுக்காக அமைந்த ஒரே ஒரு சட்டத்தில் முன்சக்கரம் சிக்கி நான் பத்தாம் வகுப்பில் பல் உடைத்துக்கொண்டேன்.

ஆறாம் படி: சந்திப்புகள்

இடதுபுறம் திரும்பும் பேருந்து, நேரே செல்லும் மிதிவண்டியை வெட்டும் இடத்தில்தான் ஆபத்து மிகுதி. மூலையின் வளைவாரத்தைச் சுருக்கினால் பேருந்து வேகம் குறைத்துத் திரும்பும். சிக்னல் இல்லாமல் இடதுபுறம் வழுக்கிச் செல்லும் தனித்தடங்களை மூடிவிடுவது நல்லது. வலப்புறம் திரும்ப வேண்டிய மிதிவண்டிக்காரரை நடுச்சாலைக்கு வரச் சொல்லக் கூடாது. அவர் முதலில் நேரே கடந்து எதிர் மூலையில் ஒதுக்கிய இடத்தில் நின்று, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது செல்லட்டும். சிறு தெருக்களும் முடுக்குகளும் வந்து சேரும் இடங்களில் மிதிவண்டிப் பாதையும் நடைபாதையும் அதே உயரத்தில் தொடர, காரே ஏறி இறங்க வேண்டும். பேருந்து நிறுத்தங்களில் பாதை நிழற்குடையின் பின்புறமாகச் செல்வதே முறை.

வண்ணார்பேட்டை போன்ற பெருஞ்சந்திப்பை முதல் ஆண்டிலேயே சரிசெய்ய முயல வேண்டாம். அதை விலக்கிச் செல்லும் உட்தெரு வழி உண்டா என்று முதலில் தேடுங்கள்.

ஏழாம் படி: ரயில் தடத்தை மிதிவண்டியின் அளவில் கடத்தல்

கேட் இருக்கும் இடங்களில் எல்லாரும் பெரிய மேம்பாலம் கேட்கிறார்கள். மின்மயமான தடத்தின் மேல் கட்டும் பாலம் தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டருக்கும் மேலான இடைவெளி விட வேண்டும். உத்திரத்தின் கனத்தையும் சேர்த்தால் மிதிவண்டிக்காரர் ஏறத்தாழ 8 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். 5 விழுக்காட்டுச் சரிவில் அது 160 மீட்டர் நீள ஏற்றம், அதுவும் நிழலின்றி. மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் மட்டுமான சுரங்கப்பாதைக்கோ தலைக்கு மேல் 2.5 மீட்டர் இடைவெளி போதும். கூரையின் கனத்தோடு 3.3 மீட்டர் இறங்கினால் சரிவின் நீளம் 66 மீட்டர்தான். இறங்கும்போது கிடைக்கும் வேகம் ஏறவும் உதவும். லாரிக்கான சுரங்கப்பாதையைத் தோண்டும் செலவில் சிறு பங்கே இதற்கு ஆகும். முகப்பில் சாலைமட்டத்தை விடச் சற்று உயர்ந்த வரம்பு, தானாக இயங்கும் பம்பு, இரு முனைகளிலிருந்தும் மறுமுனை தெரியும் நேர்கோட்டு அமைப்பு, பகலிலும் எரியும் விளக்கு ஆகிய நான்கும் இல்லாவிட்டால் மட்டும் இதைக் கட்டவே கூடாது. ஐப்பசி மழையில் குளமாகும் சுரங்கப்பாதை, கேட்டை விட மோசம்.

எட்டாம் படி: வெயிலும் காற்றும்

நெல்லை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.7 பாகை வடக்கே இருப்பதால் உச்சிவேளையில் சுவர்களின் நிழல் தெருவில் விழுவதே அரிது. வடக்குத் தெற்காகச் செல்லும் தெருவில் கிழக்கு ஓர மரம் காலைப் பள்ளி நேரத்துக்கும், மேற்கு ஓர மரம் மாலைக்கும் நிழல் தரும். வேம்பும் புங்கையும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை வெளியூர்க் கணக்குகள் அறியா. பேட்டை நோக்கியோ மேலப்பாளையம் நோக்கியோ அப்போது மிதிப்பவரின் வேகம் வெகுவாகக் குறையும். திறந்த வெளிச் சாலையை விட இருபுறமும் வீடுகள் நெருங்கிய தெருவழியே அம்மாதங்களில் விரைவானது.

ஒன்பதாம் படி: உரிமையும் ஒப்புதலும்

ஒரே பாதையில் மாநகராட்சித் தெரு, நெடுஞ்சாலைத்துறைச் சாலை, நீர்வளத்துறையின் கால்வாய்க் கரை, ரயில்வே நிலம், கோயில் நிலம் எல்லாம் வரக்கூடும். ஒவ்வொரு துண்டுக்கும் உரியவர் யார் என்று பட்டியலிட்டு, மாநகராட்சியிடம் மட்டுமே உள்ள துண்டுகளை முதலில் தொடங்க வேண்டும். 55 வார்டுகளில் பாதை செல்லும் வார்டுகளின் பகுதி சபாக்களில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிக் கருத்துக் கேளுங்கள். சாலையோர வியாபாரிகளை அகற்றிவிட்டுப் பாதை போடுவது அவர்களின் பிழைப்பைக் காக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் முரண். பூ விற்கும் அக்காவும் நுங்கு விற்கும் அண்ணாச்சியும் அந்தத் தெருவில் இருப்பதுதான் இரவில் அதைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறது. அவர்களுக்கான இடத்தைப் படத்திலேயே வரைந்து காட்டினால் எதிர்ப்பின் பாதி அடங்கிவிடும்.

பத்தாம் படி: தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தல்

ஸ்பெயினின் செவில் நகரம் 2006க்கும் 2010க்கும் இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பாதையைத் துண்டு துண்டாக இல்லாமல் இணைந்த வலையாகவே அமைத்தது. ஓட்டுபவர்கள் பன்மடங்கு பெருகினார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லாவிட்டாலும் அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடவையும் அதன் இருபுறமும் உள்ள வழிகளையும் சேர்த்து, ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வரை முழுமையான ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். கூம்புகள், மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகள், சுண்ணாம்புக் கோடு ஆகியவற்றால் பள்ளி திறந்திருக்கும் மாதத்தில் குறைந்தது ஆறு வாரம் நடத்துங்கள். மூன்று நாள் விழாவாக நடத்தினால் எதுவும் தெரியாது. முதல் இரண்டு வாரம் எல்லாருமே திட்டுவார்கள், அது இயல்பு.

பள்ளி, மார்க்கெட், பேருந்து நிலையம் ஆகியவற்றில் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டக்கூடிய நிறுத்தங்களையும் அதே வாரத்தில் வைத்துவிடுங்கள். பராமரிப்புக்கு ஒரு பொறுப்பாளரும் அவருடைய தொலைபேசி எண் எழுதிய பலகையும் வேண்டும். ஓரப்பாதையில் மணலும் கண்ணாடித் துண்டும் விரைவாகச் சேரும் என்பதால், பெருஞ்சாலையைக் கூட்டுவதை விட அடிக்கடி அதைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஆறாவது வாரத்தின் முடிவில், இரண்டாம் படியில் எண்ணிய அதே கடவில், அதே கிழமையில், அதே நேரத்தில், அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்க்கும் முன், சீருடை அணிந்த பெண்களுக்கான கட்டத்தை முதலில் பாருங்கள்.